கடைசி ஓவர்க்காரன் அரை ஆட்டக்காரன் அல்ல

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில், கோடையில் வற்றிய கண்மாயெல்லாம் கிரிக்கெட் மைதானம்தான். நோட்டீஸ் அடித்து, நுழைவுக் கட்டணம் வாங்கி, இரவில் விளக்குக் கட்டி டென்னிஸ் பந்துப் போட்டி நடத்துகிறார்கள். மில்லில் ஷிஃப்ட் முடித்து வந்த பையனும் கல்லூரி மாணவனும் ஒரே அணியில் ஆடுகிறார்கள். பரிசளிப்பில் அதிக ரன் அடித்தவனுக்கு ஒரு கோப்பை, அதிக விக்கெட் எடுத்தவனுக்கு ஒரு கோப்பை, தொடர் நாயகனுக்கு ஒரு கோப்பை. கடைசி ஓவரில் எட்டு ரன் வேண்டும் என்ற நிலையில் பந்தை வாங்கி, ஐந்து ரன்னோடு ஆட்டத்தை முடித்துக் கொடுத்தவனுக்கு மேடையில் இடமில்லை. அந்த ஓவரில் விக்கெட் விழாவிட்டால் ஒலிபெருக்கியில் அவன் பெயர்கூட வருவதில்லை.

இதை வெறும் மறதி என்று சொல்லிவிட முடியாது. இதன் பின்னால் ஊரே ஒப்புக்கொண்ட ஒரு கருத்து இருக்கிறது. "முழுசாப் போடத் தெம்பு இல்லாதவன்தான் கடைசியில வந்து ஆறு பந்து போடுவான்" என்பது அதன் நாட்டு வடிவம். 2024 நவம்பரில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் சேலத்து நடராஜனை டெல்லி அணி 10.75 கோடி ரூபாய்க்கு எடுத்தபோது, "நாலு ஓவருக்கா இத்தனை கோடி?" என்று டீக்கடையில் கேட்டார்களே, அது அதன் நகர வடிவம். அமெரிக்க பேஸ்பாலில் ஆட்டத்தின் பிற்பகுதியில் வந்து எறியும் ரிலீஃப் பிட்ச்சரைப் பற்றி அந்த நாட்டிலேயே நெடுங்காலம் பேசப்பட்டதும் இதே கருத்துதான். அந்தத் தொழிலைச் செய்து பார்த்த நம் நாட்டு இளைஞர் ரிங்கு சிங்கை, "படத்துல வந்தாரே, அப்புறம் ஒண்ணும் ஆகல" என்று ஒதுக்குவதும் இதன் கிளைதான்.

இந்தக் கருத்து தவறு. தவறு என்பதோடு, நம் பையன்களுக்குக் கேடும் செய்கிறது. இதன் ஒவ்வொரு கிளையையும் எடுத்து மறுக்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தொழில் என்னவென்று பார்ப்போம். பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். மூன்று பேர் அவுட் ஆனதும் மட்டை கைமாறும். பந்தெறிபவர், அதாவது பிட்ச்சர், 18.44 மீட்டர் தூரத்தில், கால் மீட்டர் உயர மேட்டில் நின்றபடி எறிகிறார். ஓடி வந்து எறிய வழியில்லை. வேகம் முழுவதும் காலிலிருந்து இடுப்புக்கும் இடுப்பிலிருந்து தோளுக்கும் ஏறி முழங்கை வழியாக வெளியேற வேண்டும். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்ச்சர் ஐந்து, ஆறு இன்னிங்ஸ் எறிந்து களைத்ததும் அவரை எடுத்துவிட்டு வேறொருவரைப் போடுகிறார்கள். இங்கே ஒரு கடுமையான விதி உண்டு. வெளியே போனவர் அந்த ஆட்டத்தில் திரும்பி வர முடியாது. கிரிக்கெட் கேப்டன் ஒரு பந்துவீச்சாளரை நிறுத்திவைத்துப் பிறகு கூப்பிடலாம். பேஸ்பாலில் அது நடக்காது. ஆகவே உள்ளே வரும் ரிலீஃப் பிட்ச்சருக்குப் பின்னால் அவரைவிட நல்ல ஆள் பெரும்பாலும் மிச்சமிருப்பதில்லை. கடைசி இன்னிங்ஸை முடித்துக் கொடுக்கும் ரிலீஃப் பிட்ச்சரைக் குளோசர் என்கிறார்கள்.

கருத்தின் முதல் கிளை: கொஞ்ச நேர வேலை, ஆகவே சின்ன வேலை.

இதற்குப் பதில் சொல்ல அமெரிக்காவுக்குப் போக வேண்டாம், பூனாவுக்குப் போனால் போதும். 2021 மார்ச் 28, இங்கிலாந்துடன் மூன்றாவது ஒருநாள் ஆட்டம். தொடர் 1-1 என்ற நிலை. இந்தியா 329 எடுத்திருந்தது. சாம் கரன் தனியாளாக அடித்து நொறுக்கி ஆட்டத்தைக் கடைசி ஓவர்வரை இழுத்து வந்துவிட்டார். ஆறு பந்தில் 14 ரன் வேண்டும். பந்து நடராஜன் கையில். அவர் கொடுத்தது 6 ரன். இந்தியா 7 ரன் வித்தியாசத்தில் ஆட்டத்தையும் தொடரையும் வென்றது. ஆட்ட நாயகன் விருது 95 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்ற கரனுக்குப் போனது. கரன் ஆடியது அருமையான ஆட்டம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அன்றைய ஸ்கோர் அட்டையை இன்று எடுத்துப் பார்ப்பவருக்கு நடராஜன் பெயருக்கு எதிரே தெரிவது 10 ஓவர், 73 ரன், 1 விக்கெட். யாரோ அடி வாங்கிவிட்டுப் போனவர் போலத் தோன்றும். தொடரைக் காப்பாற்றிய ஆறு பந்துகள் அந்த எண்களுக்குள் எங்கே இருக்கின்றன? கரைந்துபோய்விட்டன. அதற்குப் பிறகு நடராஜன் இந்தியாவுக்காக ஒரு ஆட்டமும் ஆடவில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். காயமும் அதற்குக் காரணம். ஆனாலும் அந்த ஓவரின் எடையை நம் அட்டையும் விருதும் சொல்லாமல் விட்டது உண்மை.

நேரத்தை அளந்து வேலையை எடைபோடுவது எவ்வளவு தவறு என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆடிப்பூரத்தன்று ஆண்டாள் தேரின் வடத்தை ஆயிரக்கணக்கான கைகள் இழுக்கின்றன. ரத வீதியின் மூலையில் அந்தப் பெருந்தேர் திரும்பும்போது சக்கரத்தை ஒட்டி நடந்து, சரியான கணத்தில் சரியான கோணத்தில் சறுக்குக்கட்டை போடுகிறவர்கள் ஒரு சிலரே. கட்டையை அரை நொடி பிந்திப் போட்டால் தேர் வீட்டுத் திண்ணையில் ஏறிவிடும். முந்திப் போட்டால் நின்றுவிடும். அவர்கள் எத்தனை நிமிடம் வேலை பார்த்தார்கள் என்று கணக்குக் கேட்டவரை நான் பார்த்ததில்லை. தேரடியில் நமக்கு இருக்கும் இந்தத் தெளிவு மைதானத்தில் ஏன் இல்லாமல் போகிறது?

நேரம் குறைவாக இருப்பதே இந்த வேலையைக் கடினமாக்குகிறது. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்ச்சர் முதல் இன்னிங்ஸில் மூன்று ரன் கொடுத்தாலும் மீதி நேரத்தில் சரிக்கட்டலாம்; அவர் அணியும் திருப்பி அடிக்கலாம். குளோசருக்கு அந்த வசதி கிடையாது. அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடருக்கு உலகத் தொடர் என்று பெயர்; 2001 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக ஒன்பதாவது இன்னிங்ஸில் எறிந்தவர் மரியானோ ரிவேரா. அந்தத் தொழிலில் அவருக்கு மிஞ்சி ஆளில்லை என்று எதிரிகளும் ஒப்புக்கொண்டவர். ஒரு ரன் முன்னிலை. அவரே எறிந்த ஒரு தவறான த்ரோ, டோனி வோமாக்கின் ஒரு டபுள், பிறகு லூயிஸ் கொன்சாலஸ் மட்டையில் சரியாகப் படாமல் தடுப்பாளர் தலைக்கு மேல் மெல்ல விழுந்த ஒரு பந்து. அரிசோனா உலகத் தொடரை வென்றது. ஒரு பருவம் முழுவதும் செய்த வேலை சில நிமிடங்களில் போனது. அடுத்த ஆண்டு அதே மேட்டில் ஏறி அதே இன்னிங்ஸை எறிய வேண்டும். இதை எளிய வேலை என்று சொல்பவர் அந்த இடத்தில் தன்னை ஒருமுறையாவது நிறுத்திப் பார்த்ததில்லை.

கணக்கில் வராத வேலை வேறு இருக்கிறது. மைதானத்தின் ஓரத்தில் புல்பென் என்று ஓர் அடைப்பு. அங்கே தொலைபேசி அடித்ததும் ரிலீஃப் பிட்ச்சர் எழுந்து தோளைச் சூடேற்ற எறியத் தொடங்குவார். நிலைமை மாறினால் "உட்கார்" என்பார்கள். சிறிது நேரத்தில் மறுபடி "எழுந்திரு". ஓர் ஆட்டத்திலும் இறங்காமலே ஒருவர் அடுத்தடுத்து மூன்று நாள் கையைச் சூடேற்றி எறிந்திருப்பார். ஏட்டில் அந்த மூன்று நாளும் அவருக்கு ஓய்வு நாள். முழங்கைத் தசைநாருக்கு அப்படி ஓய்வு எதுவும் தெரியாது.

இரண்டாவது கிளை: முழு வேலைக்கு லாயக்கில்லாதவர்களுக்குக் கொடுக்கும் வேலை இது.

இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நான் மறைக்கவில்லை. பெரிய ரிலீஃப் பிட்ச்சர்களில் பலர் ஆட்டத்தைத் தொடங்கிப் பார்த்துச் சரிவராமல் போனவர்களே. ரிவேராவையே எடுத்துக்கொள்வோம். பனாமா நாட்டில் புவெர்ட்டோ காய்மிட்டோ என்ற மீனவக் கிராமம். அப்பா மீன்பிடிப் படகில் வேலை. மகனும் அந்தப் படகில் ஏறியவர். சிறு வயதில் பால் அட்டைப்பெட்டியை மடித்துக் கையுறையாக்கி ஆடினார்கள். 1990இல் யாங்கீஸ் அணி சில ஆயிரம் டாலருக்கு அவரை எடுத்தது. 1995இல் உச்ச மட்டமான மேஜர் லீகில் பத்து ஆட்டங்களைத் தொடங்கினார். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 5.51 ரன் கொடுத்தார். மோசமான கணக்கு. அடுத்த ஆண்டு ரிலீஃப் வேலைக்கு மாற்றினார்கள். 1997இல் குளோசர். அந்த ஆண்டுதான், சக பிட்ச்சர் ஒருவரோடு பந்து பிடித்து விளையாடிக்கொண்டிருந்தபோது, அவர் எறிந்த பந்து கடைசி நேரத்தில் தானாகவே விலகத் தொடங்கியது. கட்டர் என்ற அந்த ஒரு பந்தையே பெரும்பாலும் நம்பி 2013வரை, 43 வயதுவரை, எறிந்தார். முன்னிலையைக் காப்பாற்றி ஆட்டத்தை முடித்ததற்குத் தரும் சேவ் கணக்கில் 652. பருவத்துக்குப் பிந்தைய நாக்அவுட் ஆட்டங்களில் 141 இன்னிங்ஸ் எறிந்து சராசரி 0.70 ரன். 2019இல், ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மண்டபத்துக்கான வாக்கெடுப்பில் 425 பேரும் அவருக்கு வாக்களித்தார்கள். பேப் ரூத் உள்பட அதுவரை எவருக்கும் கிடைக்காத ஒருமித்த வாக்கு அது.

ஒரு வேலையில் சறுக்கியவர் இன்னொரு வேலையில் உலகத்திலேயே சிறந்தவராக ஆனார் என்றால், இரண்டாவது வேலை தாழ்ந்தது என்று எப்படி முடிவுகட்ட முடியும்? அது வேறு வேலை என்பதைத்தான் அது காட்டுகிறது. ஒரே ஆளை ஓர் ஆட்டத்தில் மூன்று முறை சந்திக்க வேண்டிய தொடக்க பிட்ச்சருக்கு நான்கைந்து வகைப் பந்து வேண்டும். ஒரே ஒரு முறை சந்திக்கும் ரிலீஃப் பிட்ச்சருக்கு, தெரிந்தாலும் அடிக்க முடியாத ஒரு பந்து போதும். முதலாமவருக்குப் பொறுத்துப் பங்கிடும் உடல் வேண்டும்; இரண்டாமவருக்கு முன்னறிவிப்பில்லாமல் ஐந்து நிமிடத்தில் உச்சிக்குப் போகும் உடல் வேண்டும்; நேற்றைய தோல்வியை இன்று காலைக்குள் இறக்கிவைக்கும் மனமும் வேண்டும்.

எடுத்துக்காட்டு ரிவேரா ஒருவர் மட்டும் அல்ல. டென்னிஸ் எக்கர்ஸ்லி 1978இல் ஆட்டம் தொடங்கும் பிட்ச்சராக 20 வெற்றி பெற்றவர். பிறகு குளோசராக மாறி 1992இல் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதையும் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் ஒரே ஆண்டில் வாங்கினார். பில்லி வாக்னர் பிறவியில் வலக்கைக்காரர்; சிறுவயதில் வலக்கை உடைந்து, இடக்கையால் எறியப் பழகி, 422 சேவ் எடுத்து, 2025இல் ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்தார். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டுத் திரும்பிய ஹாய்ட் வில்ஹெல்ம் 30 வயதை நெருங்கும்போது மேஜர் லீகில் அறிமுகமாகி, ஏறக்குறைய 50 வயதுவரை எறிந்து, ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வான முதல் ரிலீஃப் பிட்ச்சர் ஆனார். அது நடந்தது 1985இல். ரிலீஃப் பிட்ச்சர்களை அந்த மண்டபம் உள்ளே விடவே அவ்வளவு காலம் ஆயிற்று. அமெரிக்கர்களும் நம்மைப் போலத்தான் இருந்தார்கள், மெல்லத் திருந்தினார்கள்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு இப்போது வருகிறேன். குளோசர் ஒரு பருவத்தில் எறிவது 60, 70 இன்னிங்ஸ். நல்ல தொடக்க பிட்ச்சர் 180க்கும் மேல். மேலும், மூன்று ரன் முன்னிலையில் ஒரே ஒரு இன்னிங்ஸை முடித்தாலும் சேவ் கிடைக்கிறது. அதைச் சுமாரான பிட்ச்சரும் பெரும்பாலும் முடித்துவிடுவார் என்கிறார்கள். இரண்டும் சரிதான். மொத்த உழைப்பைப் பார்த்தால் ஒரு சிறந்த தொடக்க பிட்ச்சர் அணிக்குத் தருவது அதிகம். இருவரில் ஒருவரை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் நானும் அவரைத்தான் எடுப்பேன். சேவ் கணக்கும் தாராளமானதுதான். ஆனால் இந்த வாதம் குறை சொல்வது கணக்கிடும் முறையை. வேலையின் மதிப்பை அது தொடவில்லை. 2016இல் கிளீவ்லாந்து அணியின் மேலாளர் டெர்ரி ஃபிரான்கோனா இந்தக் குழப்பத்தை மைதானத்திலேயே தீர்த்துக் காட்டினார். தன் சிறந்த ரிலீஃப் பிட்ச்சர் ஆண்ட்ரூ மில்லரை ஒன்பதாவது இன்னிங்ஸுக்காகப் பூட்டிவைக்காமல், ஆட்டம் எங்கே கவிழக்கூடுமோ அங்கே, ஐந்தாவதோ ஏழாவதோ, இறக்கினார். லீக் இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது மில்லருக்கே வந்தது. அவரும் ஆட்டம் தொடங்கும் பிட்ச்சராகச் சரிவராமல் போனவர்தான். பந்துகளின் எண்ணிக்கையைவிட அவை விழும் கணத்தின் கனம் பெரிது என்பதைப் பணம் போட்டு அணி நடத்துபவர்கள் புரிந்துகொண்டுவிட்டார்கள்.

மூன்றாவது கிளை: ரிங்கு சிங் தோற்றுப்போனவர், அது வெறும் வேடிக்கை.

உத்தரப் பிரதேசத்தின் பதோஹி மாவட்டத்தில், லாரி ஓட்டுநர் ஒருவரின் ஒன்பது பிள்ளைகளில் ஒருவர் ரிங்கு. ஈட்டி எறிபவர், இடக்கைக்காரர். 2008இல் அமெரிக்க விளையாட்டு முகவர் ஜே.பி. பெர்ன்ஸ்டீன் நடத்திய மில்லியன் டாலர் ஆர்ம் போட்டியில் 30,000க்கும் மேற்பட்டோர் எறிந்தார்கள். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து ரிங்கு வென்றார். பரிசு ஒரு லட்சம் டாலர். வாரணாசிப் பக்கத்து தினேஷ் படேலும் தேர்வானார். இருவரும் அதற்குமுன் பேஸ்பால் ஆடியவர்கள் இல்லை. கலிஃபோர்னியாவில் பயிற்சியாளர் டாம் ஹவுஸிடம் சில மாதம் பழகினார்கள். 2008 நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 2014இல் டிஸ்னி எடுத்த படம், ஏ.ஆர். ரஹ்மான் இசையோடு, அந்த ஒப்பந்தத்தோடு முடிந்துவிடுகிறது. படம் பார்த்தவர்கள் கதை முடிந்தது என்று எழுந்துவிட்டார்கள். அவருடைய தொழில் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

2009இல் கத்துக்குட்டிகளின் லீகில் ரிங்கு கொடுத்த சராசரி 5.84 ரன். பத்து வயதிலிருந்து எறிந்து வருபவர்களுக்கு நடுவே, ஆட்டத்தைத் தொட்டு ஓராண்டு சொச்சமே ஆன ஒருவருக்கு வேறு என்ன வரும்? தினேஷை 2010 இறுதியில் அணி விடுவித்தது. அவர் ஊர் திரும்பினார். ரிங்கு அங்கேயே நின்றார். அமெரிக்காவில் குளிர்காலம் என்றால் ஆஸ்திரேலிய லீகில் கான்பெரா அணிக்குப் போய் எறிந்தார். 2012இல் வெஸ்ட் விர்ஜீனியா அணியில் முழுநேர ரிலீஃப் பிட்ச்சராக 39 ஆட்டம், 72 இன்னிங்ஸ்; சராசரி 3.00, 65 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். 5.84இலிருந்து 3.00. இதற்கு நடுவில் கடந்தது மூன்றே ஆண்டு, அதுவும் மேலே ஏறும் லீகுகளில், தன்னைவிடத் தேர்ந்தவர்களுக்கு எதிராக. 2013இல் முழங்கைத் தசைநார் போனது; டாமி ஜான் அறுவை சிகிச்சை நடந்தது. அடுத்தடுத்து வந்த காயங்களிலிருந்து அவர் மீளவில்லை. 2018இல் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போனார்.

மேஜர் லீகை அவர் எட்டவில்லை. உண்மை. அமெரிக்காவிலேயே பிறந்து, கல்லூரியில் ஆடி, முறையாகத் தேர்வாகிற பிட்ச்சர்களிலும் பெரும்பாலோர் அதை எட்டுவதில்லை. அதற்குக் கீழ்மட்டமான மைனர் லீகில் அன்று கிடைத்த கூலியும் சொற்பம். பருவம் நடக்கும் மாதங்களுக்கு மட்டும்தான் சம்பளம். அந்த நிலையை எதிர்த்து ஆட்டக்காரர்கள் 2014இல் வழக்குப் போட்டார்கள். 2022இல் மேஜர் லீக் நிர்வாகம் 18.5 கோடி டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு சமரசத்துக்கு வந்தது. அப்படிப்பட்ட ஒரு தொழிலில், மொழி தெரியாத நாட்டில், 20 வயதை நெருங்கும்போது முதன்முதலாகக் கற்ற ஆட்டத்தில், ஒரு பருவம் முழுவதும் தேர்ந்த ரிலீஃப் பிட்ச்சராக எறிந்த மனிதரைத் தோற்றவர் என்கிறோம். அவர் முழங்கை தோற்றது, கைத்திறன் தோற்கவில்லை. காயத்துக்கும் தோல்விக்கும் வித்தியாசம் தெரியாத ஊரில் எந்தப் பந்துவீச்சாளனும் உருப்பட முடியாது.

கேடு என்று தொடக்கத்தில் சொன்னேன். இனி அதைச் சொல்கிறேன். நம் பகுதியில் பள்ளிக்கோ வட்டாரத்துக்கோ அணி எடுக்கும்போது பார்ப்பது புதுப் பந்தில் யார் வேகம், யார் எத்தனை விக்கெட் என்பதையே. ஈரப் பந்தை, அடிக்கத் தயாராக நிற்பவனுக்கு எதிராக, ஆறு முறை காலடியில் இறக்கத் தெரிந்தவனுக்குத் தேர்வில் தனி வாய்ப்பு கிடையாது. நடராஜன் சொந்த ஊரான சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் பழகிய யார்க்கர், 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீகில் சூப்பர் ஓவர் ஒன்றில் தொலைக்காட்சியில் தெரிந்த பிறகே நாடு அவரைப் பார்த்தது. அதற்குமுன் அவர் எறிமுறை சந்தேகத்துக்கு உள்ளாகி, அதைத் திருத்திக்கொண்டு வந்திருந்தார். 2020இல் வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியாவுக்குப் போய், ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். அந்த லீக் இல்லாமல், அந்த ஓவர் ஒளிபரப்பாகாமல் போயிருந்தால்? அவரைப் போன்ற எத்தனை பேர் இன்றும் கண்மாய்க்குள்ளேயே எறிந்துகொண்டிருக்கிறார்கள் என்ற கேள்வி என்னைத் தூங்கவிடுவதில்லை.

இன்னொரு கேடு உடம்பில் விழுகிறது. கொஞ்ச வேலைதானே என்று நினைப்பதால் அந்தக் கையை யாரும் பேணுவதில்லை. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று ஆட்டம். மூன்றிலும் கடைசி ஓவர் அதே பையனுக்கு. நடுவில் தோள் ஆறி இறுகியிருக்கும். சூடேற்றாமலே முழு வேகத்தில் எறிவான். அமெரிக்காவில் 13 முதல் 16 வயதுவரை உள்ளவர்கள் ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் எறியக் கூடாது, எறிந்த அளவுக்கேற்ப இத்தனை நாள் ஓய்வு வேண்டும் என்று 2014 முதல் வழிகாட்டு விதியே வைத்திருக்கிறார்கள். அங்கே பல முழங்கைகள் கிழிந்த பிறகு கற்ற பாடம் அது. நாம் அதை இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் பேஸ்பாலிலேயே வழி இருக்கிறது. 1959இல் பிட்ஸ்பர்க் அணியின் ரிலீஃப் பிட்ச்சர் எல்ராய் ஃபேஸ் 18 வெற்றி, ஒரே தோல்வி என்று முடித்தார். நாடே கொண்டாடியது. அவற்றில் சில ஆட்டங்களில் அவர் முன்னிலையை இழந்த பிறகு அவர் அணி அடித்து வென்றதையும், அதே சமயம் முன்னிலையை ஒழுங்காகக் காத்த மற்ற ரிலீஃப் பிட்ச்சர்களுக்கு ஏட்டில் எதுவுமே இல்லாததையும் சிகாகோ பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் கவனித்தார். காப்பாற்றிய ஆட்டங்களைத் தனியாக எண்ணத் தொடங்கினார். 1969இல் அது அதிகாரபூர்வக் கணக்கானது. குறையுள்ள கணக்குதான், மேலே ஒப்புக்கொண்டேன். ஆனாலும் எண்ணத் தொடங்கிய பிறகே அந்த வேலைக்கு முகம் வந்தது, சம்பளம் வந்தது, கடைசியில் மண்டபத்தின் கதவும் திறந்தது.

நாமும் எண்ணத் தொடங்குவோம். இந்தப் பகுதியில் போட்டி நடத்தும் ஒவ்வொரு குழுவிடமும் நான் கேட்பது மூன்று. ஸ்கோர் புத்தகத்தில் கடைசி இரண்டு ஓவருக்குத் தனிக் கட்டம் போடுங்கள்: பந்து கைக்கு வந்தபோது எத்தனை ரன் தேவை, எத்தனை கொடுத்தான், அணி வென்றதா. தொடர் முடிவில் அந்தக் கட்டத்தைக் கூட்டிப் பார்த்து, முடித்துக் கொடுத்தவனுக்கு மேடையில் ஒரு கோப்பை கொடுங்கள். மற்ற கோப்பைகளின் அதே உயரத்தில். ஒரே நாளில் ஒருவன் எத்தனை பந்து எறிந்தான் என்று எழுதி, பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவனுக்கு வரம்பு வையுங்கள். உடற்கல்வி ஆசிரியர்களிடம் கேட்பது ஒன்று: தேர்வு நாளில் புதுப் பந்து கொடுப்பது போலவே, நனைத்த பழைய பந்தையும் கொடுத்து, ஆறு பந்து, எட்டு ரன் என்று சொல்லிப் பாருங்கள். யார் கை நடுங்கவில்லை என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு கட்டம், ஒரு கோப்பை, ஒரு வரம்பு. வரும் கோடையிலேயே தொடங்கலாம். கடைசி ஓவர் போடுபவனை அரை ஆட்டக்காரன் என்று சொல்வதற்கு நமக்குப் பழக்கத்தைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. அவன் செய்வது முழுத் தொழில். அதைப் படிக்கலாம், படிப்பிக்கலாம், அதை வைத்துக் குடும்பத்தைக் கரையேற்றலாம் என்று சின்னப்பம்பட்டியும் புவெர்ட்டோ காய்மிட்டோவும் காட்டிவிட்டன. நம் பையன்களுக்கு அந்த வழியை அடைத்துவைக்க நமக்கு உரிமையில்லை.